"வெள்ளவத்தையில் பாருங்கள்" என்னும் ஆலோசனை

கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு வரவேண்டும், எங்கே வீடு பார்க்கலாம்? வங்கி உத்தியோகத்தர், ஆசிரியர், மருத்துவர், கணக்காளர் என எவர் இக்கேள்வியைக் கேட்டாலும் நம்மவர் வாயிலிருந்து புறப்படும் விடை ஒன்றேதான். "வெள்ளவத்தையில் பாருங்கள். அங்கே கட்டுப்படியாகாவிட்டால் கொட்டாஞ்சேனை." வேலை எந்தப் பகுதியில், பிள்ளைகள் எந்த வகுப்பில், வாடகைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று எவரும் விசாரிப்பதில்லை. நோயாளியைப் பாராமலே மருந்தெழுதிக் கொடுக்கும் வைத்தியம் இது. இந்த ஆலோசனையை நாம் நிறுத்தவேண்டும் என்பதே என் வாதம்.

ஹெவ்லொக் டவுனை எடுத்துக்கொள்வோம். 1890 முதல் 1895 வரை இலங்கையில் ஆளுநராயிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய பகுதி. தபால் கணக்கில் கொழும்பு 5. வெள்ளவத்தை கொழும்பு 6. காலி வீதியிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே உள்ளே நடந்தால் ஹெவ்லொக் வீதிப் பக்கம் வந்துவிடலாம். நடைதூரம்தான். ஆனால் நம்மவர் மனத்தில் இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கடல் கிடக்கிறது. "அது அவர்களுடைய பகுதி" என்கிறார்கள். இந்த எல்லை எவ்வளவு பொய்யானது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த காணியிலேதான் இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் மாடித்தொகுதி எழுந்து நிற்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு வெள்ளவத்தையாக இருந்த மண், மாடிவீடு வாங்குவோருக்கு ஹெவ்லொக் ஆகிவிட்டது. நிலம் நகரவில்லை, பெயர்தான் நகர்ந்தது.

வெள்ளவத்தையைப் பரிந்துரைப்போர் கூறும் முதற்காரணம் பாதுகாப்பு. "நாலு தமிழ்ச்சனம் பக்கத்தில் இருந்தால் ஒரு துணை" என்பார்கள். வரலாறு இதற்கு என்ன சொல்கிறது? 1983 ஜூலை 25 ஆம் திகதி கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது வெள்ளவத்தை தப்பியதா? வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அடையாளங் கண்டு வந்தவர்களுக்கு, தமிழர் செறிந்து வாழ்ந்த ஒழுங்கைகள் வேலையை எளிதாக்கின. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானையும் அகதி முகாம்களாயின. அன்று உயிர் தப்பியவர்களில் எத்தனையோ பேரை மறைத்துவைத்துக் காத்தவர்கள் அடுத்த வீட்டுச் சிங்களவர்களும் முஸ்லிம்களும் பறங்கியரும் என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். செறிவு காக்கவில்லை, அயல் காத்தது.

இது பழங்கதை என்பீர்களாயின் 2007 ஜூன் 7 ஆம் திகதிக்கு வாருங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர் விடியற்புறத்தில் எழுப்பப்பட்டுப் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில தினங்களில் பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தந் தெரிவித்தார். பஸ்கள் எங்கே வந்து நின்றன என்பதைக் கவனியுங்கள். நாம் "பாதுகாப்பு" என்று பரிந்துரைக்கும் அதே தெருக்களில்தான். அக்காலத்தில் கொழும்பில் குண்டுகள் வெடித்தது மெய். பொதுமக்கள் மாண்டதும் மெய். அதை மறைப்பவன் பத்திரிகையாளன் அல்லன். ஆனால் குண்டு வைத்தவனைத் தேடுவது ஒன்று. பிறந்த ஊரைப் பார்த்து ஒரு பகுதி மக்களை அள்ளி ஏற்றுவது வேறொன்று. 2008 செப்டெம்பரில் வடக்கிலிருந்து வந்து மேல்மாகாணத்தில் தங்கியிருந்தோர் தனியே பதிவுக்கு அழைக்கப்பட்டபோதும் அதே நியாயந்தான் கூறப்பட்டது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. "தமிழன் என்றால் வெள்ளவத்தை" என்ற கணக்கு மட்டும் முடியவில்லை. அந்தக் கணக்கை அரசு எழுதியது. வாடகைக்கு வீடு தேடும்போது நாம் அதை மனப்பாடஞ் செய்து ஒப்புவிக்கிறோம்.

இரண்டாவது காரணம் வசதி. கோயில், தமிழ்க் கடை, தமிழ் பேசும் மருந்துக்கடைக்காரர், கல்யாண மண்டபம். இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். தமிழ் மட்டுமே அறிந்த ஒரு தாயார் தனியே கடைக்குப் போய்வரக்கூடிய தெரு என்பது பெரிய விடயம். அப்படிப்பட்ட தாயார் வீட்டில் இருந்தால் வெள்ளவத்தைக்கே போங்கள்; அது விசாரித்து எடுத்த தெரிவு. ஆனால் ஹெவ்லொக் டவுனிலிருந்து அதே கோயிலுக்கும் கடைக்கும் முச்சக்கர வண்டியில் சில நிமிடங்கள்தான். இசிப்பத்தான கல்லூரி அங்கேயே இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோர் இதையும் கணக்கிலெடுக்க வேண்டாமா?

இனி, நமக்கு விருப்பமில்லாத பக்கத்துக்கு வருவோம். ஹெவ்லொக் டவுனில் வீடு கேட்டுத் தொலைபேசி எடுத்தால் பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கண்டிக்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வெள்ளவத்தையில் தொடர்மாடி வைத்திருக்கும் நம்மவர் என்ன செய்கிறார்கள்? "சைவக் குடும்பமா? சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?" இந்தக் கடைசிக் கேள்வியின் பொருள் சாதி என்பது யாருக்குத் தெரியாது? மலையகத்தவர் என்றால் ஒரு தயக்கம். முஸ்லிம் என்றால் வெளிப்படையான மறுப்பு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் முஸ்லிம் குடும்பங்கள் வீடு தேடி அலைந்தபோது, 1983 ஐ நினைவு வைத்திருந்த நாம் கதவைத் திறந்தோமா? நமக்குப் போக வேறிடம் இல்லை என்பதை நன்கறிந்த இவர்கள்தாம் ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்கிறார்கள். அச்சம் இருக்கும் வரை வாடகை இறங்காது. "வெள்ளவத்தையில் பாருங்கள்" என்று ஒவ்வொருவரும் சொல்லும் போதெல்லாம் இவர்களுக்கு இலவச விளம்பரம் செய்துகொடுக்கிறோம்.

என் தொழிலையும் விடுவதற்கில்லை. சமத்துவத்தைப் பற்றித் தலையங்கம் எழுதும் மும்மொழிப் பத்திரிகைகளும், "இன்னாருக்கு மட்டும்" என்னும் வாடகை விளம்பரங்களைச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி அச்சிட்டு வந்திருக்கின்றன. தலையங்கத்தை ஆசிரியர் பார்க்கிறார். விளம்பரத்தைக் காசாளர் பார்க்கிறார். வாசகன் இரண்டையும் பார்க்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14(1) ஆம் உறுப்புரையில், இலங்கைக்குள் நடமாடவும் வதிவிடத்தைத் தெரிந்தெடுக்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் சுதந்திரம் உண்டென்கிறது. 12(3) ஆம் உறுப்புரை, கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், களியாட்ட இடங்கள், தத்தம் மத வழிபாட்டிடங்கள் ஆகியவற்றில் இனம், மதம், மொழி, சாதி, பால் பார்த்து எவரையும் தடுக்கலாகாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. தேநீர் குடிக்கப் போகுமிடத்தில் இருக்கும் காப்பு, குடியிருக்கப் போகுமிடத்தில் இல்லை! பிரித்தானியாவில் 1968 ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம் வீட்டு வாடகையையும் விற்பனையையும் உள்ளடக்கியது. அமெரிக்காவிலும் அதே ஆண்டில் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அத்தகைய சட்டத்தின் நிழலில் இலண்டனில் வீடெடுத்துக் குடியமர்ந்த நம் உறவினர், வெள்ளவத்தையிலுள்ள தம் மாடிவீட்டை "நம்ம ஆட்களுக்கு மட்டும்" என்று கொடுக்கச் சொல்லித் தரகருக்குத் தொலைபேசி எடுக்கிறார். வீட்டு வாடகையையும் அப்பட்டியலில் சேர்க்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கவேண்டும். அது நமக்கெதிராகக் கதவு சாத்துவோரையும் கட்டும், நம்மையும் கட்டும். கட்டட்டும்.

இன்னொன்று. அரச பாடசாலைகளில் முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கையில் அண்மையில் வதிவோருக்கே பெரும்பங்கு இடங்கள். அதற்குரிய சான்றுகளில் முதன்மையானது வாக்காளர் இடாப்பு. ஆனால் வீட்டுக்காரர்களில் எத்தனையோ பேர், வாடகைக் குடியிருப்பாளரின் பெயரைத் தம் விலாசத்தில் பதிய விடுவதில்லை. பதிந்தால் வீடு பறிபோய்விடும் என்று ஒரு பயம். 1980 ஆம் ஆண்டின் தேருநர் பதிவுச் சட்டம் கேட்பது வழமையான வதிவிடத்தை, வீட்டுரிமையை அன்று. 1983 இல் நம்மை எரிக்க வந்தவர்கள் கையிலிருந்த அதே இடாப்பில், இன்று நம் பிள்ளையின் படிப்புக்காகப் பெயர் சேர்க்க வீட்டுக்காரரின் கருணைக்குக் காத்திருக்கிறோம். வெள்ளவத்தையிலாயினும் ஹெவ்லொக் டவுனிலாயினும் இந்தக் கருணை தேவையில்லை. கிராம உத்தியோகத்தரிடம் நேரே போங்கள்.

ஆகவே அடுத்த முறை ஒருவர் வந்து "எங்கே வீடு பார்க்கலாம்?" என்று கேட்டால், ஊர்ப்பெயர் சொல்லாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். வேலைத்தலம் எங்கே? பிள்ளைகளுக்கு எந்தப் பாடசாலை, எந்த மொழிமூலம்? வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்பந்தம் தருவாரா? வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய மறுப்பாரா? இவற்றுக்குக் கிடைக்கும் விடை வெள்ளவத்தையானால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையானால் கொட்டாஞ்சேனை, ஹெவ்லொக் டவுனானால் துணிந்து அங்கே போகட்டும். முதலில் போகும் குடும்பத்துக்குக் கடினமாகத்தான் இருக்கும். பத்துக் கதவுகள் சாத்தப்படலாம். பதினோராவது கதவு திறந்தால், அதன்பின் வரும் குடும்பத்துக்கு அது "அவர்களுடைய பகுதி" ஆக இராது.