புகைந்தது பொய்யல்ல

2011 டிசம்பரில் ஒரு டி-ஷர்ட் செய்தியானது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வீடியோ கேம் தயாரிப்பாளர்கள் கூடிய நிகழ்ச்சி ஒன்றுக்கு வால்வ் நிறுவன ஊழியர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய டி-ஷர்ட்டில் 'ஹாஃப்-லைஃப் 3' என்ற எழுத்துகள். அந்தப் பெயரில் ஒரு விளையாட்டைத் தயாரிப்பதாக வால்வ் அறிவித்ததே இல்லை. பார்த்தவர் இன்டர்நெட்டில் ஒரு வரி எழுதிப் போட்டார். அவ்வளவுதான். உலகெங்கும் ரசிகர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ஊழியரே போட்டுக்கொண்டு வருகிறார் என்றால் உள்ளே வேலை நடக்காமலா இருக்கும்?

நெருப்பில்லாமல் புகையாது என்பது உலகத்தார் எல்லோரும் நம்பும் தர்க்கம். வதந்திகள் உயிர் வாழ்வதும் அதனால்தான். வீடியோ கேம் உலகில் இந்தத் தர்க்கத்தை இவ்வளவு நீண்ட காலம் சோதித்துப் பார்த்த விளையாட்டு ஹாஃப்-லைஃப் 3 போல இன்னொன்று இல்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக வதந்தி மட்டுமே வந்துகொண்டிருந்தது. பிறகு, நிறுவனத்தின் கதவு இரண்டு முறை சற்றே திறந்தது. உள்ளே நெருப்பு இருந்ததா இல்லையா என்று இப்போது ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடியும்.

மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996ல் தொடங்கிய நிறுவனம் வால்வ். 1998 நவம்பரில் வந்த அதன் முதல் விளையாட்டு ஹாஃப்-லைஃப். ஆய்வுக்கூடம் ஒன்றில் நடந்த விபத்தால் வேற்றுலக ஜந்துக்கள் புகுந்துவிட, கார்டன் ஃப்ரீமன் என்ற இயற்பியலாளர் உயிர் தப்பப் போராடுகிறார். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே கதையையும் நகர்த்திக்கொண்டு போன விதத்தில் அது ஒரு புதிய பாதை போட்டது. 2004 நவம்பரில் வந்த இரண்டாம் பாகம் அதையும் மிஞ்சியது. பிறகு கதையைச் சிறு சிறு அத்தியாயங்களாகத் தருவது என்று முடிவாயிற்று. 2006ல் முதல் அத்தியாயம், 2007 அக்டோபரில் இரண்டாவது. அதன் கடைசிக் காட்சியில் ஈலை வான்ஸ் கொல்லப்படுகிறார். அவருடைய மகள் அலிக்ஸ் கதறுகிறாள். திரை இருள்கிறது.

மூன்றாம் அத்தியாயம் 2007 கிறிஸ்துமஸுக்குள் வரும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். வரவில்லை. மறு வருடமும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. அறிவித்த அத்தியாயம் மெல்ல மறக்கப்பட்டு, அதன் இடத்தில் அறிவிக்கப்படாத ஒரு முழு விளையாட்டு ரசிகர்கள் மனதில் வளர ஆரம்பித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஹாஃப்-லைஃப் 3.

மௌனம் சும்மா இருப்பதில்லை. அது பேச்சை வளர்க்கும். 2011ல் ரசிகர்கள் இருவர் பெல்வியூ நகரில் உள்ள வால்வ் அலுவலக வாசலில் தட்டி பிடித்து நின்றார்கள். 2012 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஹாஃப்-லைஃப் 2 விளையாடினார்கள். விளையாட்டே வேண்டாம், ஒரு வார்த்தை பேசினால் போதும் என்பதுதான் கோரிக்கை. நிறுவனம் இறங்கி வரவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் பழைய சூடு ஒன்று இருந்திருக்கலாம். ஹாஃப்-லைஃப் 2 வெளிவரும் நாள் 2003 செப்டம்பர் 30 என்று அறிவித்துவிட்டு அந்த நாளைத் தவறவிட்டது வால்வ். அடுத்த சில நாட்களில் விளையாட்டின் மூல நிரல் இன்டர்நெட்டில் பரவியது. ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து எடுத்திருந்தார். அவர் திருட நினைத்த எதிரியல்ல, விளையாட்டைப் பார்க்கத் தவித்த ரசிகர். பிறகு அவருக்கு ஜெர்மன் நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இரண்டு ஆண்டு தண்டனை விதித்தது. வால்வுக்கு வலித்தது திருட்டு மட்டுமல்ல. சொன்ன தேதிக்கும் உண்மையில் முடிந்திருந்த வேலைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. முடியாத வேலைக்குத் தேதி சொல்லி ஒரு முறை மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த முறை வாயைக் கட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

2013 வதந்திக்கு அறுவடைக் காலம். ஜூலையில் வால்வின் உள்வேலைகளைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் பட்டியல் ஒன்று வெளியாட்கள் கண்ணில் பட்டது. அதில் ஹாஃப்-லைஃப் 3 என்ற பெயரில் ஒரு குழுவும் ஊழியர்களின் பெயர்களும் இருந்தன. லெஃப்ட் 4 டெட் 3 என்ற இன்னொரு அறிவிக்கப்படாத விளையாட்டும், சோர்ஸ் 2 என்ற புதிய மென்பொருள் அடித்தளமும் கூடவே இருந்தன. செப்டம்பர் கடைசியில் அடுத்த அதிர்ச்சி. ஐரோப்பிய வணிக முத்திரை அலுவலகத்தில் வால்வின் பெயரில் 'ஹாஃப்-லைஃப் 3' பதிவுக்கு விண்ணப்பம். அரசாங்கக் காகிதமே வந்துவிட்ட பிறகு இனி சந்தேகம் எதற்கு என்றார்கள். சில நாட்களில் அந்த விண்ணப்பம் பதிவேட்டிலிருந்து காணாமல் போனது.

பட்டியலா, காகிதமா, எது உண்மை என்று கேட்டால் அன்று பெரும்பாலானோர் காகிதத்தைத்தான் காட்டியிருப்பார்கள். முத்திரை அலுவலகத்தின் பதிவேட்டுக்கு இருக்கும் மரியாதை, கசிந்த பட்டியலுக்கு எங்கே இருக்கும்? விடை தெரிய ஏழு ஆண்டுகள் ஆயிற்று.

2020 ஜூலையில் ஜெஃப் கீலி என்ற பத்திரிகையாளர், வால்வ் அலுவலகத்துக்குள் இருந்து பார்த்தவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அதன்படி, 2013லும் 2014லும் ஹாஃப்-லைஃப் 3 என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு உருவாகிக்கொண்டிருந்தது. அதன் சில கட்டங்களைக் கம்ப்யூட்டரே ஒவ்வொரு முறையும் புதிதாக அமைத்துத் தரும். இடையிடையே கதைக்கான காட்சிகளைக் கைவேலையாகச் செய்து சேர்ப்பார்கள். எதன் மீது கட்டினார்களோ அந்த சோர்ஸ் 2 முழுமை பெறவில்லை. விளையாட்டைக் கைவிட்டார்கள். மொராக்கோவைக் களமாகக் கொண்ட லெஃப்ட் 4 டெட் 3 முயற்சியும் அப்படியே போயிற்று.

ஆக, கசிந்த பட்டியல் சொன்ன மூன்றும் மெய். சோர்ஸ் 2 மட்டும் 2015ல் பகிரங்கமாயிற்று. மற்ற இரண்டும் பிறக்கவே இல்லை. பலரும் நம்பிய அரசாங்கக் காகிதத்தால் ஒன்றும் விளையவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தின் கதை இன்னும் தாமதமாக வந்தது. ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்த இருபதாம் ஆண்டை ஒட்டி 2024 நவம்பரில் வால்வ் ஒரு ஆவணப்படம் வெளியிட்டது. அதில் அந்த அத்தியாயத்தின் காட்சிகளை நிறுவனமே காட்டியது. பனியைப் பீய்ச்சி அடிக்கும் துப்பாக்கி இருந்தது. குழம்புபோல் வழிந்து பரவும் ஒரு எதிரி இருந்தது. சுமார் ஆறு மாதம் வேலை நடந்தது. அதற்குள் லெஃப்ட் 4 டெட்டை முடித்துக்கொடுக்க ஆட்கள் தேவைப்பட, எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். திரும்பி வந்தபோது காலம் கடந்துவிட்டதாகத் தோன்றியது. அந்த முடிவு தவறு என்று குழுவிலிருந்த டேவிட் ஸ்பைரர் வருந்துகிறார். கதையை முடித்து வைப்பது மட்டும் ஒரு விளையாட்டைச் செய்யப் போதுமான காரணம் அல்ல, புதிதாக ஒன்றைச் சாதிக்கும் வழி தனக்குப் புலப்படவில்லை என்பது நியூவெல் தரப்பு.

வால்வில் வேலை நடக்கும் விதம் தெரிந்தால் இது எளிதாகப் புரியும். 2012ல் வெளியே வந்த அதன் ஊழியர் கையேடு மேஜைகளுக்குச் சக்கரம் வைத்திருப்பதன் காரணத்தை விளக்கியது. இந்த வேலையைச் செய் என்று உத்தரவிட மேலதிகாரி கிடையாது. ஊழியர் தனக்குப் பிடித்த திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மேஜையை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அலுத்துப்போனால் வேறு இடத்துக்கு உருட்டலாம். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனம் என்பதால் காலாண்டுக் கணக்குக் கேட்கப் பங்குதாரர்கள் இல்லை. 2003ல் தொடங்கிய ஸ்டீம் என்ற விற்பனைத் தளம் மற்றவர்களின் விளையாட்டுகளை விற்றே பணம் கொட்டுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வேலையைத் தொடங்க நாலு பேர் போதும். முடிக்கத்தான் ஆள் சேராது.

வதந்தியைக் கேட்டவர்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். 'ஹாஃப்-லைஃப் 3 என்ற பெயரில் சிலர் வேலை செய்கிறார்கள்' என்பது கசிந்த தகவல். 'ஹாஃப்-லைஃப் 3 வரப்போகிறது' என்று காதில் விழுந்தது. முதல் வாக்கியம் மெய்யாக இருந்த வருடங்களில்கூட இரண்டாவது பொய். அடுப்பு மூட்டினார்கள், உலையும் வைத்தார்கள். இலை போட்டுக் காத்திருந்தவர்களுக்குச் சோறு வரவில்லை.

புகை மட்டுமே இருந்த கதையும் வீடியோ கேம் உலகில் உண்டு. 1981ல் ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டின் விளையாட்டுக் கூடங்களில் பாலிபியஸ் என்ற கறுப்புப் பெட்டி வைக்கப்பட்டதாகவும், விளையாடியவர்கள் நினைவு தவறியதாகவும், கறுப்பு உடைக்காரர்கள் வந்து தகவல் சேகரித்துப் போனதாகவும் சொல்வார்கள். அந்தப் பெட்டி ஒன்றுகூட இன்றுவரை அகப்படவில்லை. அந்தக் காலப் பத்திரிகை எதிலும் அந்தப் பெயர் இல்லை. 1981ல் போர்ட்லாண்டில் மணிக்கணக்காக விளையாடிய சிலர் உடல்நலம் கெட்டதும், சூதாட்ட சந்தேகத்தில் அதிகாரிகள் விளையாட்டுக் கூடங்களைச் சோதனையிட்டதும் மட்டும் நடந்தவை. இரண்டையும் முடிச்சுப் போட்டது பிற்காலக் கற்பனை.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. பாலிபியஸ் வதந்தியில் ஆளும் இல்லை, காகிதமும் இல்லை, சோதித்துப் பார்க்க எதுவுமே இல்லை. ஹாஃப்-லைஃப் வதந்தியில் சோதிக்கத்தக்க பொருள் இருந்தது. ஆனால் பொருள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வால்வே இன்னொரு சாட்சி. 2019 நவம்பரில் ஒரு பேட்டியின் எழுத்து வடிவம் கசிந்தது. அலிக்ஸை நாயகியாகக் கொண்ட ஹாஃப்-லைஃப் விளையாட்டு ஒன்று வருகிறது என்றது அது. பல வருடம் ஏமாந்தவர்கள் சிரித்தார்கள். சில நாட்களில் நிறுவனமே அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச் 23ல் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் வெளிவந்தது. ஏறக்குறைய முடிந்துவிட்ட வேலையிலிருந்து கசிந்த தகவல் என்பதால்தான் அது பலித்தது. பேட்டி கொடுக்கும் நிலைக்கு வந்த விளையாட்டு பாதியில் நிற்பது அபூர்வம். பட்டியலில் பெயர் ஏறிய விளையாட்டு பாதியில் நிற்பது சகஜம்.

இந்தக் காத்திருப்பில் நஷ்டம் யாருக்கு என்பது சாதாரணக் கேள்வி அல்ல. முதலிரண்டு பாகங்களுக்கும் கதை எழுதிய மார்க் லெய்ட்லா 2016ல் வால்வை விட்டு விலகினார். மறு வருடம் ஆகஸ்டில், பாத்திரங்களின் பெயர்களை மாற்றி, கடித வடிவில் ஒரு கதையை இன்டர்நெட்டில் வெளியிட்டார். அது மூன்றாம் அத்தியாயத்தின் கதைதான் என்று ரசிகர்கள் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்கள். அஞ்சலிக் குறிப்பு படிப்பதுபோல் படித்தார்கள். அதை வெளியிட்டிருக்க வேண்டாம் என்று அவரே பின்னால் வருத்தப்பட்டார். பட்டியலில் பெயர் வந்த ஊழியர்களுக்கோ, தாங்கள் கொடுக்காத வாக்கைக் காப்பாற்றவில்லை என்ற பழி.

அலிக்ஸுக்குப் பிறகும் புகை அடங்கவில்லை. வால்வின் மற்ற விளையாட்டுகளின் கோப்புகளைத் துருவுகிறவர்கள் 'எச்.எல்.எக்ஸ்' என்ற மூன்று எழுத்தைக் கண்டெடுத்தார்கள். அதை வைத்து மீண்டும் கணக்குகள். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் வேலை ஏதும் இல்லை என்று சொல்பவர் முட்டாளாகும் வாய்ப்பு அதிகம். கடந்த முறை இருந்ததே.

ஆனால் நெருப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் 2013ல் ஏமாந்த மாதிரியே மறுபடியும் ஏமாற வேண்டியிருக்கும். உலையில் அரிசி போட்டாயிற்றா, அடுப்பருகே ஆள் நிற்கிறாரா என்றும் கேட்க வேண்டும். சக்கரம் வைத்த மேஜைகள் நிறைந்த சமையலறையில் அந்த ஆள் நாளைக்கும் அங்கேயே நிற்பார் என்று அவராலேயே சொல்ல முடியாது.