புதுவையின் பெயரும் புதுவையின் பிள்ளைகளும்

1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய ஜனப்பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் பாரத தேசத்தோடு இணைவதென்று வாக்களித்தார்கள். பிரெஞ்சு ஆதிக்கம் அகல வழி திறந்தது அந்தக் கிராமத்து மண்ணிலேதான். அதே வில்லியனூர்ப் பகுதியில், துத்திப்பட்டில், இன்று புதுவைக் கிரிக்கெட் சங்கத்தார் ஆடும் மைதானம் இருக்கிறது. இவ்விரண்டு இடங்களையும் சேர்த்து நினைக்கும்போது நமக்குப் பெருமையும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன.

ரஞ்சி கோப்பைப் பந்தயம் 1934-ல் ஆரம்பமாயிற்று. புதுவை தன் பெயரால் அதில் இறங்கியதோ 2018-ல்தான். தேசத்தின் பிரஜைகளாவதற்குக் கீழூரில் ஒரு நாள் போதுமாயிருந்தது. தேசத்தின் ஆட்டக்களத்தில் நுழைய அதற்குமேல் 64 வருஷம் வேண்டியிருந்தது. லோதா குழுவின் சிபாரிசுகளில் பெரும்பாலானவற்றை ஏற்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகே கிரிக்கெட் வாரியத்தின் கதவு அகலத் திறந்தது. 2018-19 பருவத்தில் ஒன்பது புதிய கோஷ்டிகள் சேர்ந்தன. 28 ஆக இருந்த தொகை 37 ஆயிற்று. அவ்வொன்பதில் புதுவையும் ஒன்று.

நிற்க. பெற்ற உரிமை எவர் கையில் பயன்பட்டது? அந்த முதற் பருவத்திலேயே, செப்டம்பர் மாதத்தில், ஓராண்டு வாச விதியைத் தளர்த்திப் பதிவு செய்யப்பட்டிருந்த வெளியூர் ஆட்டக்காரர் 8 பேரின் பதிவை வாரியம் ரத்து செய்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று பெற்ற இடத்தில் அயலாரை அமர்த்த முயன்றதன் பலன் அது. பின்னர் 2024 ஜனவரியில் டில்லி நகரிலேயே டில்லிக் கோஷ்டியைப் புதுவை 9 விக்கெட்டுகளில் வென்றது. நாமும் மகிழ்ந்தோம். அவ்வெற்றிக்குப் பிரதான காரணமாக 10 விக்கெட்டுகளை வீழ்த்திய கௌரவ் யாதவ், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வீரர். அவர் திறமையை நாம் போற்றுகிறோம், குறை அவருடையதன்று. ஆனால் பாகூரில் பிறந்த பையன் அந்தப் பந்தை எறியும் நாள் எப்போது என்பதே நமது கேள்வி.

வெளியூரார் கூடாதென்று நாம் சொல்லவில்லை. மூவர் வரை சேர்த்துக்கொள்ள வாரியத்தின் விதியே இடமளிக்கிறது. புதிய கோஷ்டி அனுபவஸ்தர் துணையின்றித் தோற்றே போகும் என்பாரின் வாதத்திலும் உண்மை உண்டு. திருவிழாவுக்கு வெளியூர் வித்வானை வரவழைப்பது ஊருக்கு அழகுதான். ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்காமல் வருஷந்தோறும் கச்சேரி மட்டும் வைப்பதைச் சங்கீத அபிவிருத்தி என்று எவரும் சொல்லார்.

பிரதேசச் சங்கத்தின் வேலை யாதென்பதற்கு நியூசிலாந்தின் ரக்பி சரித்திரம் நல்ல சான்று. அங்கே கான்டர்பரி, வெல்லிங்டன் மாகாணச் சங்கங்கள் 1879-லேயே தோன்றின. தேசியச் சங்கம் 1892-ல்தான் பிறந்தது. ஊர்க் கழகங்கள் மாகாணத்தைத் தாங்கின. மாகாணங்கள் தேசத்தைத் தாங்கின. சின்னஞ்சிறு தேசம் அந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றது இப்படி வேரிலிருந்து வளர்ந்ததனாலேயே. புதுவைக்கோ கோப்பு மேலிருந்து வந்தது. ஆகையால் வேரை இனி நாமே ஊன்ற வேண்டும்.

சங்கத்தாரை நாம் கேட்பது மூன்று. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய ஐந்து கொம்யூன்களின் கழகங்களும், காரைக்கால், மாகே, ஏனாம் கழகங்களும் மோதும் பந்தயத்தை வருஷந்தோறும் தவறாது நடத்துக. ஒவ்வோர் ஆட்டக்காரரின் பிறந்த ஊர், படித்த பள்ளி, வசித்த காலம் ஆகியவற்றை ஜனங்கள் அறியப் பிரசுரிக்க. கிராமக் கழகங்களுக்குச் சங்கத்தில் வாக்குரிமை அளிக்க. அரசாங்கமும் பள்ளிக்கூடங்களுக்கு மைதானமும் ஆசிரியரும் அளித்துத் தன் கடமையைச் செய்ய வேண்டும்.

அறுவடை முடிந்த பாகூர் வயல்களில் பிள்ளைகள் மட்டை பிடித்து நிற்பதைப் போவோர் வருவோர் யாவரும் பார்க்கலாம். அவர்களுக்கும் துத்திப்பட்டு மைதானத்துக்கும் இடையேயுள்ள தூரம் சில மைல்களே. அந்தத் தூரத்தைக் கடக்க இன்னுமொரு 64 வருஷம் ஆகலாகாது.