காளிக்கு 21 இரவு. தமிழருக்கு ஓர் இரவும் இல்லையா?

பாவைக்கூத்தாடி ஒருவர் கடல் கடந்து சென்று, அயல்நாட்டு விழா மேடையில் தம் தோற்பாவைகளை ஆட்டிப் பாராட்டுப் பெற்றார் என்ற செய்தி வந்துவிட்டால், நம்மவர்க்கு உண்டாகும் பூரிப்பைச் சொல்லி முடியாது. “கம்பன் கவி உலகெங்கும் முழங்குகிறது” என்பார் ஒருவர். “தமிழன் கலைக்கு வெள்ளையனும் தலைவணங்கினான்” என்பார் மற்றொருவர். பொந்தியானில் இருந்துகொண்டு இப்பூரிப்பில் பங்கு கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் நாம் கேட்பது ஒன்று. அக்கூத்தாடியை நம் ஊருக்கு அழைத்து, ஓர் இரவு உட்கார்ந்து கேட்க வேண்டுமென்று நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்? எண்ணாதவர்க்குப் பெருமை பேசும் உரிமை எங்கிருந்து வந்தது?

கம்பன் கவியோடு உலகம் சுற்றிய அக்கூத்தின் வரலாற்றை முதலில் அறிவோம். கேரளத்தில் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் ஆகிய மாவட்டங்களில் பத்திரகாளி கோயில்களை ஒட்டிக் கூத்துமாடம் என்றொரு கட்டடம் உண்டு. நீளம் சுமார் 42 அடி. வெள்ளைத் திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். மான்தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் திரையில் விழ, புலவர் எனப்படுவோர் கம்பராமாயணச் செய்யுட்களைப் பாடி, இரவெல்லாம் பொருள் விரிப்பர். பாட்டு தமிழ்; பாடுவோர் மலையாள நாட்டார். முழுக் கதையையும் ஆடி முடிக்க 21 இரவு வேண்டும். தாருகனோடு போர் புரிந்துகொண்டிருந்த காளி, இராம இராவண யுத்தத்தைக் காணத் தவறினாளாம். அவள் காணும்பொருட்டே இக்கூத்தாம். ஆகவே மனிதர் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? இக்கூத்தை நேரில் இருந்து ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், திரைக்கு முன்னால் கேட்பாரற்றுக் கிடந்த வெளியைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடுகிறவர் ஒருவர், மறுமொழி சொல்கிறவர் ஒருவர், இருவரும் திரைக்குப் பின்னால்! உலகில் இதைவிடத் தனிமையான கல்விச் சபை வேறு இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

இந்நிலையில் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஷொறணூருக்கு அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மகனார் இராமச்சந்திரப் புலவர் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் ஆடிக் காட்டியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். காந்தியார் வரலாற்றையும் ஏசுநாதர் வரலாற்றையும் அதே திரையில் நிழலாக்கியவரும் இவரே. ஆண்களே வழிவழியாக ஆடிவந்த கூத்தில் பெண்கள் குழு ஒன்றை அமைத்தவர் இவர் மகளார் ரஜிதா. தெய்வக் கலையைத் தெருவுக்கு இழுக்கலாமா, பெண் பாவையைத் தொடலாமா என்று முகஞ்சுளிப்பவர்களைக் கேட்கிறோம்: இவர்கள் வெளியே வராதிருந்தால், நீங்கள் இன்று பெருமை பேசக் கூத்து எங்கே இருந்திருக்கும்?

அயல்நாட்டு மேடையில் நிகழ்வதையும் மறைக்க வேண்டியதில்லை. 21 இரவுக் கதை அங்கே ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். தமிழறியாத அவைக்குச் செய்யுள் வெறும் ஓசை. பொருள் விரிவுக்கு அங்கே வேலையில்லை. அம்பும் குரங்குப் பாய்ச்சலும் மிஞ்சும். புலவர் புலமை பெட்டியிலேயே கிடக்கும். அந்நாட்டாரை நாம் குறை கூறோம். 1929இல் பிராகு நகரில் பாவைக்கூத்துக்கென அனைத்துலகச் சங்கம் கண்டவர்கள் அவர்கள். மொழி தெரியாவிட்டாலும் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்களே! மொழி தெரிந்த நாம் எங்கே போனோம்?

சுருக்கத்தில் போவது எது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கம்பனில் இல்லாத சம்புகுமாரன் கதை இக்கூத்தில் உண்டு. சூர்ப்பணகையின் மகனாகிய அவன் இலக்குமணனால் கொல்லப்படுகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அவள் அழுகிறாள். மூக்கறுபட்ட அரக்கி என்று நாம் சிரித்துத் தள்ளியவளுக்கு அழுவதற்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தவன், கம்பனையே பாடிப் பிழைத்த பாவைக்கூத்தாடி! சீர்திருத்தம் பேசும் ஏட்டில் இராமாயணக் கூத்துக்குப் பரிந்து எழுதலாமா என்று வினவக்கூடிய நண்பர்களுக்கு நம் விடை இதுவே. கேள்வி கேட்கும் கூத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கேள்வியற்ற பஜனையை வைத்துக்கொள்வது எந்தச் சீர்திருத்தம்?

நம் பக்கத்து வீட்டைப் பார்ப்போம். பொந்தியான் மாவட்டத்தில் சாவக வழியினர் மிகுதி. அவர் முன்னோர் ஜொகூருக்கு வந்தபோது வாயாங் கூலிட்டையும் உடன் கொண்டுவந்தனர். கிளந்தானில் மலாய்த் தாலாங்குகள் இராவணனை மகாராஜா வானா என்றழைத்து இரவெல்லாம் ஆட்டினார்கள். 1990களில் அம்மாநில ஆட்சி மதத்தின் பெயரால் அதற்குத் தடை விதித்தும் அக்கலை மாண்டுவிடவில்லை. கேட்பவர் இருந்ததே காரணம். நமக்கோ தடை செய்ய ஆட்சி தேவைப்படவில்லை. நம் அசட்டையே போதுமானதாயிற்று. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். வீட்டில் மராட்டி பேசும் மண்டிகர் குடும்பங்கள் தமிழில் தோற்பாவை ஆட்டுகின்றன. தலையில் இரும்பு வளையம் மாட்டி, பத்து கிலோ எடையுள்ள மரப்பாவையை ஆட்டும் பொம்மலாட்டக்காரரும் உண்டு. “நம் கலை” என்று மேடையில் முழங்குகிறவர் இவர்கள் குடிசைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

பணம் எங்கே என்பார்கள். சினிமாப் பாடகரை வரவழைக்கும்போது இக்கேள்வி எழுவதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். நாம் வேண்டுவது பெரிதன்று. பொந்தியான் தமிழர் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு பள்ளி மண்டபத்தை ஓர் இரவுக்கு எடுக்கட்டும். புலவர் குழுவையும் பெண்கள் குழுவையும் சேர்த்தே அழைக்கட்டும். ஒரு மணி நேரச் சுருக்கம் வேண்டாம். சூர்ப்பணகை வந்து அழுது போகும் பகுதியை விடியும்வரை விரித்துச் சொல்லச் சொல்வோம். சாவக அண்டை வீட்டாரும் வந்து அமரட்டும். பொன்னாடையும் மாலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விமானக் கட்டணமும் இரவுக் கூலியும் முன்பணமாகக் கூனத்தறைக்குப் போய்ச் சேரட்டும்.