கபடி எழுதுறவனுக்கு யார் சோறு போடுறது?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியல. வந்ததும் ஒரு பஞ்சாயத்தோட வந்திருக்கேன் மக்களே.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். (அக்காள்மடம். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவுல. பஸ்ல கொஞ்சம் கண்ணசந்தா தாண்டிடுவீங்க.) சித்தப்பா மகன் பிடிச்சுக்கிட்டான். ராமநாதபுரத்துல பார்க்கிற வேலையை விட்டுட்டு கபடி பத்தி மட்டுமே எழுதப் போறானாம். பத்திரிகைகளுக்குக் கட்டுரை, அப்புறம் ஒரு புத்தகம். "அண்ணே, நீங்கதான் அப்பாகிட்ட பேசணும்."

நான் பேசல. கணக்குப் போட்டேன். உள்ளூர் கபடி ராத்திரி ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் ஓடும். பஸ் காசு, டீ, பரோட்டா எல்லாம் கைக்காசு. எழுதி அனுப்பினா போடுவாங்க, போடாமலும் விடுவாங்க. போன வருஷம் ஒரு பத்திரிகையில வந்த கட்டுரைக்கு நாலு மாசம் கழிச்சு கிடைச்ச பணம், அவன் போய் வந்த செலவுக்கே காணல. மழைக்காலத்துல ஆட்டமும் இல்லை, கட்டுரையும் இல்லை. எனக்கோ பக் வந்தாலும் ஒண்ணாம் தேதி சம்பளம் :)

"வேலையை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை எழுதுடா"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஆனா மனசு கேக்கல. சி.எல்.ஆர். ஜேம்ஸ் ஞாபகம் வந்தார். எழுத்தாளராகணும்னு 1932ல ட்ரினிடாட்ல இருந்து இங்கிலாந்து போனவர். அங்கே தங்க இடமும் சோறும் கொடுத்தது நெல்சன் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடிக்கிட்டிருந்த லியரி கான்ஸ்டன்டைன். கான்ஸ்டன்டைனோட 'கிரிக்கெட் அண்ட் ஐ' (1933) புத்தகத்தை எழுத ஜேம்ஸ் உதவினார். பிறகு மான்செஸ்டர் கார்டியனுக்கு கிரிக்கெட் எழுதினார், அதுவும் சீசன் வேலைதான். 'பியாண்ட் எ பவுண்டரி' வந்தது 1963ல! நடுவுல அரசியல், அமெரிக்கான்னு ஏகப்பட்டது நடந்தது, அது தனிக்கதை.

நம்ம ஊர்ல வி. ராம்நாராயண் தமிழ்நாடு கிரிக்கெட்டோட கதையை 2002ல புத்தகமா எழுதினார். அவரும் ஆடுற காலத்துல ஸ்டேட் வங்கியில வேலை பார்த்தவர். ஆக, எழுதுறவன் பின்னாடி எங்கேயோ ஒரு சம்பளம் இருக்கு. அவனுதோ, அடுத்தவனுதோ.

கிரிக்கெட்டுக்காவது ஆள் கிடைச்சாங்க. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின கபடி அணியில ஆடினவர், அர்ஜுனா விருது வாங்கினவர். நான் அவரைத் தேடிப் படிச்சது 2025ல 'பைசன்' படம் வந்தப்புறம்தான். வெட்கமாத்தான் இருக்கு.

ஆர்வம் இருந்தா எப்படியும் எழுதிடுவான்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துவரல. விடிய விடிய ஆடினவன் மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்துதான் வாயைத் திறப்பான். திங்கட்கிழமை டூட்டிக்கு ஓடுறவன் அதுவரைக்கும் எப்படி உக்காந்திருப்பான்?

நேத்து தம்பிக்கு போன் போட்டேன். ஒரு வருஷத்துக்கு மாசம் ஆறாயிரம் அனுப்புறேன், கடன் இல்லை, புத்தகத்துல நன்றியும் போட வேண்டாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டான், "சரிண்ணே, அப்பாகிட்ட யாரு சொல்றது?"

அதுக்குத்தான் ஐடியா வேணும். பின்னூட்டத்துல சொல்லுங்க.