புகுந்த வீட்டு நாய்

"குட்டியில் எடுத்தால்தான் ஒட்டும்; வளர்ந்த நாய் வேறு வீட்டில் தங்காது." நாய் வளர்த்தவரும் இதைச் சொல்கிறார், வாழ்நாளில் ஒரு நாய்க்கும் சோறு வைக்காதவரும் சொல்கிறார்.

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. இந்த ஊரே வளர்ந்தவர்களைக் கொண்டுவந்து நட்ட ஊர். 1969இல் தொடங்கி, பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலங்களிலிருந்து 300க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு இந்தத் தீவுக்குக் கப்பலேற்றியது. பட்டாளத்தில் காலம் கழித்து, பழக்கவழக்கமெல்லாம் கெட்டிப்பட்டுப் போன மனிதர்கள். அவர்கள் காடு திருத்தினார்கள், தென்னை வைத்தார்கள், காந்திநகர், விஜய்நகர், சாஸ்திரிநகர் என்று குடியிருப்புகள் எழுந்தன. 2004 சுனாமி கரையோரத்தை வாரிக்கொண்டு போனபின் பலர் மறுபடியும் இடம் மாறி, மறுபடியும் வேர் பிடித்தார்கள். ஐந்து வயது நாய்க்கு மட்டும் அது முடியாதாம்.

இந்த நம்பிக்கையை அடியோடு சாய்த்த நாய் ஒன்று உண்டென்றால் அது கிரேஹவுண்ட். பந்தயத்துக்கென்றே பிறப்பிக்கப்பட்டு, கொட்டடியில் வளர்ந்து, ஒன்றரை வயதுவாக்கில் ஓடத் தொடங்கி, நான்கைந்து வயதில் கழித்துவிடப்படும் நாய். வீடு என்ற ஒன்றை அது பார்த்ததே இல்லை. மாடிப்படி முன்னால் கால் மரத்ததுபோல் நிற்கும். கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து முட்டிக்கொள்ளும். மின்விசிறி சுற்றினால் நடுங்கும். ஒட்டாத நாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. ஆனால் நடந்தது வேறு. சீனாவின் மக்காவு நகரில் கேனிட்ரோம் நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் அநாதையாக நின்றன. அங்குள்ள விலங்கு நல அமைப்பினர் அவற்றைப் பொறுப்பேற்று, நாடு நாடாக வீடு தேடிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஃபுளோரிடா மக்கள் வாக்களித்து, 2020 முடிவோடு நாய்ப் பந்தயத்தையே நிறுத்தினார்கள். அதன்பின் அமெரிக்காவில் கிரேஹவுண்ட் கேட்டு வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நாய்களில் எதுவும் குட்டியில் எடுத்த நாயல்ல.

"அதற்கு ஓட மைதானம் வேண்டுமே" என்று அடுத்த கேள்வி வரும். 500 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் அது தூங்கும். சோம்பேறித்தனத்தில் நம் வீட்டுப் பூனையோடு போட்டி போடக்கூடிய நாய்.

மக்காவு, ஃபுளோரிடா எல்லாம் தூரம் என்றால் விருதுநகர் கரிசலுக்கு வருவோம். கிரேஹவுண்டைப் போலவே ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கொண்ட கன்னி நாய், சிப்பிப்பாறை நாய் எல்லாம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு கன்னி நாயைச் சீதனமாக அனுப்பும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். பெயரே அதனால் வந்தது என்பதும் உண்டு. புகுந்த வீட்டில் பெண்ணுக்குக் காவல் நிற்கத்தான் நாயை அனுப்பினார்கள். ஒட்டாத நாயை யாராவது காவலுக்கு அனுப்புவார்களா? பாட்டனுக்குத் தெரிந்தது பேரனுக்கு மறந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டியதும் குட்டி வாங்க ஆசைப்பட்டவர்கள் பெருகினார்கள். ராஜபாளையத்தை "ஒரே எஜமான் நாய்" என்று மெச்சிக்கொண்டு வாங்குகிறவரே, வளர்த்தியும் சாப்பாடும் கட்டுப்படியாகாதபோது அந்தப் பாராட்டையே சாக்காகச் சொல்வார்: "வேறு யாரிடமும் இருக்காது சார், அதனால்தான் யாருக்கும் கொடுக்கவில்லை." கொடுக்காமல் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

வளர்ந்த நாய் ஒட்டாது என்பதற்கு ஓர் இரட்டைப் பிள்ளை உண்டு: "வெளியே விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்." முதலாவது, எடுப்பவர் கையைக் கட்டுகிறது. இரண்டாவது, விடுபவர் மனசாட்சியைத் தூங்கவைக்கிறது. கேம்பல் பே போல மாற்றலில் வந்து மாற்றலில் போகும் உத்தியோகஸ்தர்கள் நிறைந்த ஊருக்கு இந்த ஜோடி மிகவும் வசதி.

எப்படிப் பிழைக்கும்? கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய் திறந்த வெளிக்கானது. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் நிக்கோபார் காட்டில் பத்தடிக்கு அப்பால் எதைப் பார்க்கும்? மெல்லிய தோலும் கொழுப்பில்லாத உடம்பும் முள்ளிலும் உண்ணியிலும் எத்தனை நாள் தாங்கும்? தெருநாய் கெட்டிக்காரன், அது பிழைக்கும். ஆனால் எதைத் தின்று? இதே தீவின் கலத்தியா விரிகுடா மணலில் ஏழுவரி ஆமை முட்டையிட வருகிறது. முதுகில் ஏழு வரி ஓடும், உலகத்தில் அதைவிடப் பெரிய கடலாமை இல்லை. அதன் முட்டைகள் பொரிக்க இரண்டு மாதம் மணலுக்குள் கிடக்க வேண்டும். அவற்றைத் தோண்டித் தின்பவற்றில் நாய்க்குத்தான் முக்கிய இடம். நாம் "பிழைத்துக்கொள்ளும்" என்று சொன்னதன் அர்த்தம் இதுதான்.

சட்டம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. பட்டினியால் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் எழுதிவைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு கிலோ கோழிக்கறி அதைவிட விலை அதிகம்.

எல்லா நாயும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. கோழி மேயும் முற்றத்தில் கிரேஹவுண்டை அவிழ்த்துவிட்டால் மாலைக்குள் கோழி இருக்காது. பூனை உள்ள வீட்டுக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கழுத்து தடித்து தலை சிறுத்த நாய் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து எளிதாக உருவிக்கொண்டு ஓடும். அறுவைச் சிகிச்சை என்றால் சில மயக்க மருந்துகள் அதன் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்காது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவையெல்லாம் எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள். "எத்தனை மாதக் குட்டி?" என்பது அந்த வரிசையில் கடைசி.

புது வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் மூலையில் கிடக்கும். "பார்த்தீர்களா, ஒட்டவில்லை" என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதுகிறவர்கள் உண்டு. மருமகள் வந்த மூன்றாம் நாள் நம் வீடுகளில் என்ன நிலவரம் என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

மாற்றல் உத்தரவு வந்தால் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பதற்கு முன்பே வீடு தேடுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்து நாலைந்து சாயங்காலம் அந்த வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். அங்கே அவர்கள் கையால் ஒரு கவளம் போடட்டும். எந்த நேரம் சோறு, என்ன பெயர் சொன்னால் திரும்பும், இடிச் சத்தத்துக்கு எங்கே போய் ஒளியும் என்று சொல்லிவையுங்கள். அது படுத்த பழைய சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொடுங்கள். கிளம்பும் நாளில் கப்பல் துறைக்கு மட்டும் அதைக் கூட்டி வர வேண்டாம்.