கற்பூரமா, காப்பா?

18.10.2025-ல் டாக்கா விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கு பற்றி எரிந்தது. "எல்லாம் விதி" என்பார்கள் வைதிகர்கள். விதியானால், 2020-ல் பெய்ரூத் துறைமுகம் வெடித்தவுடன், 2015-ல் பிடிபட்டு மணலியில் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அவசர அவசரமாய் ஐதராபாத்துக்கு அனுப்புவானேன்?

தாடிக்கொம்புத் தோழர்களே! ஆயுத பூஜையன்று கிடங்கு வாசலில் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, பின்கதவில் திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டால் பந்தோபஸ்து ஆகிவிடுமா? விமானச் சரக்கில் வரும் லித்தியம் பேட்டரி அணைத்த பிறகும் மறுபடி பற்றக்கூடியது, மந்திரத்துக்கு அடங்காது. அதைத் தனியே வைப்பதும், வெளியேறும் வழியைத் திறந்து வைப்பதும், கூலிக்காரனுக்கு ஒத்திகை கொடுப்பதுமே காப்பு என்கிறோம்.

முதலாளியின் சரக்குக்கு இன்ஷியூரன்ஸ் பணம் வரும். உள்ளே அகப்பட்ட கூலிக்காரனின் உயிர் திரும்பி வருமா?