சிறு வீட்டுக்காரரும் வாடகைச் சட்டமும்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய இடங்களில் "வீடு வாடகைக்கு விடப்படும்" என்ற அட்டை தொங்காத தெரு அபூர்வம். அந்த அட்டையைத் தொங்கவிட்டிருப்பவர் யார்? வரிசை வரிசையாகக் கட்டிடங்களை வைத்துக்கொண்டிருக்கும் தனவந்தர் அல்ல. அநேகமாக அவர் பென்ஷன் வாங்கும் ஓர் உத்தியோகஸ்தராகவோ, கணவனை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயாராகவோ, தகப்பனார் விட்டுப்போன அரை மனையில் கடன் வாங்கி மாடி எழுப்பிய ஒரு குமாஸ்தாவாகவோ இருப்பார். கீழே தாம் குடியிருந்துகொண்டு மேலே இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விடும் இவரும் சட்டத்தின் கண்ணில் 'வீட்டுச் சொந்தக்காரர்'தான். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியோர்கள். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் அதனுடன் சேர்த்திருக்கலாம் என்று இவர்களில் பலர் இன்று நினைக்கிறார்கள். இவர்களுடைய நிலைமையைச் சற்று ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

தாம்பரத்தில் வாடகை வீடுகள் பெருகியதற்குக் காரணம் உண்டு. 1928-ல் இங்கே க்ஷயரோக சானடோரியம் ஏற்பட்டது. 1931 மே மாதத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்துவக் கலாசாலை இங்கே குடியேறியது. 1984-ல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் ஒன்றுசேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாயின. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்களை இப்பக்கம் இழுத்திருக்கின்றன. வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். அந்த இடத்தில் பெரும் பகுதியைத் தந்துவருபவர் சர்க்காருமல்ல, பெரிய கம்பெனிகளுமல்ல. மேலே சொன்ன சிறு வீட்டுக்காரர்களே. அவர்கள் மனமொடிந்து அட்டையைக் கழற்றிவிட்டால், கஷ்டப்படப்போகிறவர்கள் குடித்தனக்காரர்கள்தான்.

புதிதாக வாடகைக்கு விடத் தொடங்குகிறவரின் முதல் தொல்லை கணக்கில் இருக்கிறது. உதாரணமாக, ஒருவர் 20 லட்சம் ரூபாயை நூற்றுக்கு 9 வட்டியில் 20 வருஷத் தவணைக்குக் கடன் வாங்கி, இரண்டு போர்ஷன்கள் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய் ஆகும். போர்ஷனுக்கு 8,000 வீதம் வாடகை வந்தால் 16,000. வருஷத்திற்கு 24,000 ரூபாய் கைப்பணத்திலிருந்து போகிறது. வருஷத்தில் ஒரே ஒரு மாதம் இரண்டும் காலியாகக் கிடந்தால் அந்தத் துண்டு 40,000 ஆகிறது. சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், கோடையில் லாரித் தண்ணீர் ஆகியவை இதில் சேரவில்லை. வாடகை முழுவதும் லாபமென்று எண்ணி இறங்குகிறவர் இரண்டாம் வருஷத்திலேயே விழிக்கிறார்.

இந்தத் துண்டை அடைக்க அவர் கை வைப்பது அட்வான்ஸ் பணத்தில். சென்னையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது வெகு நாளைய வழக்கம். மேற்சொன்ன உதாரணத்தில் அது 1,60,000 ரூபாய். அந்தப் பணம் சிமெண்டிலும் கம்பியிலும் போய்விடுகிறது. குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வழியில்லாமல், அடுத்த குடித்தனம் வரட்டும் என்று அவரைக் காக்க வைக்கிறார்கள். ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் வீட்டை விடும் போக்கிய முறையில் இந்த அபாயம் பன்மடங்கு அதிகம். அட்வான்ஸ் என்பது வருமானமல்ல, பிறருடைய பணம். அதைப் பாங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைப்பதே வீட்டுக்காரர் கற்க வேண்டிய முதல் பாடம்.

இரண்டாவது தொல்லை சட்டத்தைப் பற்றியது. யுத்தகாலத்து நெருக்கடியில் 1941-ல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1946, 1949, 1960 ஆகிய வருஷங்களில் சட்டங்கள் இயற்றப்பட்டன. வாடகைக்காரரை நினைத்தபோது வெளியேற்றும் கொடுமையை அவை தடுத்தன, அது நியாயமே. ஆயினும் 1960-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், தம் வீடு தமக்கே தேவைப்படுகிறது என்பதை நிரூபிக்க ஒருவர் வருஷக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்க நேர்ந்தது. தனவந்தருக்கு அது ஒரு வழக்கு. சிறு வீட்டுக்காரருக்கோ பாதி ஆயுள்.

இந்நிலையை மாற்றவே 2017-ம் வருஷத்துச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் அமுலாயிற்று. இதன்படி எல்லாக் குடித்தனங்களுக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். டிப்டி கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அது பதிவாக வேண்டும். அதற்கென ஓர் இணையதளமும் இருக்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதமாகியும் செலுத்தாதவரை வெளியேற்ற வாடகைக் கோர்ட்டில் மனுச் செய்யலாம். அதே சமயத்தில், தகராறு எதுவானாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதற்கு வீட்டுக்காரருக்குப் பாத்தியதை கிடையாது. இரு தரப்பாருக்கும் பொதுவில் நன்மை செய்யும் சட்டமென்றே இதை நாம் கருதுகிறோம்.

ஆனால் நடப்பது என்ன? ஸ்டாம்புப் பத்திரத்தில் பதினோரு மாதத்திற்கு ஒரு காகிதம் எழுதிக்கொள்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வருஷத்திற்கு மேற்பட்ட குத்தகையை ரிஜிஸ்தர் செய்தாக வேண்டும் என்ற பழைய விதிக்குத் தப்பிப் பிறந்த வழக்கம் இது. ஆனால் புதிய சட்டம் மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை. எவ்வளவு குறுகிய காலமானாலும் ஒப்பந்தம் அதிகாரியிடம் பதிவாக வேண்டுமென்கிறது. அந்தப் பழைய காகிதம்கூட இல்லாமல் வாய்வார்த்தையிலேயே வீட்டை விடுகிறவர்களும் உண்டு. பதிவு செய்தால் வருமான வரி வந்துவிடும் என்ற பயமே இதற்கு ஒரு காரணம். இந்தப் பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது. வாடகையில் நகராட்சி வரி போக, மீதியில் நூற்றுக்கு 30 பங்கைச் செலவுக்கென்று சட்டமே கழித்துக் கொடுக்கிறது. 2025-26-ம் வருஷத்துக் கணக்கில், புதிய வரி முறையைப் பின்பற்றுகிறவருக்கு மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை. இல்லாத வரிக்குப் பயந்து, இருக்கிற பாதுகாப்பைக் கைவிடுவது விவேகமாகாது. வாடகை நின்றுபோகும் நாளில் கையில் காகிதமில்லாதவர், தம் கட்சியைச் சொல்வதற்கு முன்பே பாதி வழக்கைத் தோற்றவராகிறார்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை வாடகைத் தொகையும் தேதியும் மட்டுமல்ல. இரண்டு குடித்தனங்கள் ஒரே மின்சார மீட்டரில் இருந்தால், இரு மாதத்திற்கான இலவச யூனிட் சலுகை ஒருமுறைதான் கிடைக்கிறது. சேர்ந்த உபயோகமோ விலை உயர்ந்த படிக்கு ஏறிவிடுகிறது. பிறகு யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் கேட்க, மனஸ்தாபம் அங்கேதான் ஆரம்பமாகிறது. போர்ஷனுக்கு ஒரு தனி இணைப்பு என்பது கட்டும்போதே செய்துகொள்ள வேண்டிய காரியம். மழை விஷயமும் அப்படியே. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பர்ப் புயலிலும் அப்பகுதிகள் தப்பவில்லை. தண்ணீர் புகும் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறவர் அந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீடு வாசத்திற்கு உதவாத நாட்களுக்கு வாடகை உண்டா, மராமத்துச் செலவு யாரைச் சேரும் என்பவற்றை வெயில் காலத்திலேயே எழுதிக்கொள்வது நலம். இடுப்பளவு ஜலத்தில் நின்றுகொண்டு நியாயம் பேச முடியாது.

இங்கே மற்றொன்றையும் சொல்லாமலிருப்பதற்கில்லை. ஒரு ஜாதியாருக்கே வீடு, ஒரு மதத்தாருக்கு இல்லை, மாமிசம் சாப்பிடுகிறவருக்கு இல்லை, தனியாக வேலை பார்க்கும் பெண்ணுக்கு இல்லை என்று நிபந்தனை போடுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இது சுதந்திர தேசத்துப் பிரஜைகளுக்கு அழகல்ல. லாபகரமுமல்ல. பத்து நல்ல குடித்தனக்காரர்களைத் திருப்பியனுப்பிவிட்டு, வீட்டை மூன்று மாதம் பூட்டி வைக்கிறவருக்குத் தவணைக்காரர் தள்ளுபடி கொடுப்பதில்லை. ஒருவர் மாதம் பிறந்தவுடன் வாடகை கொடுப்பாரா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வாரா என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். அவற்றுக்குப் பதில் அவருடைய ஜாதியில் கிடைக்காது.

சர்க்காரின் கடமையும் சிறிதல்ல. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்போது இந்திய நகரங்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. மறு வருஷமே, நகரங்களில் 1 கோடியே 87 லட்சத்துக்கு மேல் வீடுகள் பற்றாக்குறை என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு கணக்கிட்டது. ஒரு பக்கம் பூட்டிய கதவு, மறுபக்கம் ஒதுங்க இடமில்லாத குடும்பம். கதவுகள் பூட்டிக் கிடப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. விட்டால் திரும்பி வராது என்ற அச்சம் அவற்றுள் முக்கியமான ஒன்று. சட்டத்தைப் புஸ்தகத்தில் எழுதிவிட்டதால் மாத்திரம் அந்த அச்சம் போகாது. தாம்பரம் மாநகராட்சியின் மண்டலக் காரியாலயங்களில் மாதம் ஒருநாள் பதிவு முகாம் நடத்தலாம். நல்ல தமிழில், சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி, ஒரு மாதிரி ஒப்பந்தத்தை அச்சிட்டு இலவசமாக வழங்கலாம். சொற்ப வாடகையுள்ள வீடுகளுக்குப் பதிவுக் கட்டணத்தையும் ஸ்டாம்புத் தீர்வையையும் குறைக்கலாம். ஒன்றிரண்டு போர்ஷன்கள் மட்டுமே உள்ளவரின் மனுக்களை வாடகைக் கோர்ட்டுகள் முதலில் எடுத்து முடிக்கலாம். இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம், மனம்தான் வேண்டும்.

வீட்டுக்காரருக்குச் சலுகை காட்டினால் குடித்தனக்காரருக்குத் தீங்கு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அட்வான்ஸைத் தனியே வைத்து, ஒப்பந்தத்தைப் பதிந்து, ரசீது கொடுக்கும் வீட்டுக்காரரால் யாருக்குத் தீங்கு? வாய்வார்த்தையும் பயமும் நிலவும் இடத்தில்தான் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் ஏய்க்கிறார்கள். ஆகையால் புதிதாக வீட்டை வாடகைக்கு விடப்போகும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே: சாவியைக் கொடுப்பதற்கு முன்பு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதைச் சிரமமில்லாமல் செய்து முடிக்க வழி திறக்கும் பொறுப்பைச் சர்க்கார் இனியும் தள்ளிப்போடலாகாது.